டிராக்டரில் டிரெய்லர் பூட்டும் முன்

கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போகம் நெல் விளையும் நாடு நமது நாஞ்சில் நாடு. 1906-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற பேச்சிப்பாறை அணையின் நீர், தோவாளைக் கால்வாய், அனந்தனார் கால்வாய், புத்தனார் கால்வாய் முதலியவற்றின் வழியே பற்றுகளில் பாய்ந்து இவ்விளைவைத் தருகிறது. விளைந்த நெல்லைக் களத்திலிருந்து வீட்டிற்கும் ஆலைக்கும் கொண்டு சேர்ப்பது முற்காலத்தில் மாட்டு வண்டியின் வேலையாக இருந்தது. இன்று அவ்வேலையை டிராக்டரும் அதன் பின்னே பூட்டப்பெறும் டிரெய்லரும் செய்து வருகின்றன. நெல் மட்டுமன்று, வைக்கோல், எரு, செங்கல், தேங்காய், வாழைத்தார், மரச்சீனிக் கிழங்கு ஆகிய யாவும் இவ்வாறே செல்கின்றன.

டிராக்டர் ஓட்டத் தெரிந்தவர் எவரும் டிரெய்லர் பூட்டி ஓட்டவும் தெரிந்தவரே என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது. இவ்வெண்ணம் தவறானது, உயிருக்கே ஆபத்தானது. வயலில் கலப்பை இழுக்கும் டிராக்டர், ஓட்டுபவர் காலை எடுத்தவுடன் நின்றுவிடும். மண்ணே அதனைப் பிடித்து நிறுத்திவிடும். சாலையில் பாரம் ஏற்றிய டிரெய்லரை இழுக்கும் டிராக்டர் அவ்வாறு நிற்பதில்லை. பின்னாலிருக்கும் பாரம் அதனை முன்னோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். இவ்வேறுபாட்டை அறியாமல் முதன்முதல் டிரெய்லர் பூட்டுபவர்களுக்கு உதவும் பொருட்டே இப்பாடத்தை எழுதுகிறோம்.

நாம் கற்ற முதற் பாடம்

நாமும் ஒரு காலத்தில் அவ்வாறு எண்ணியவர்களே. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கும்பப்பூ அறுவடையின்போது, தோவாளைப் பக்கத்துப் பற்று ஒன்றிலிருந்து 50 மூட்டை நெல்லை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். அதற்கு முந்திய நாள்வரை அதே டிராக்டரைக் கொண்டு மற்றொரு வயலில் உழுதிருந்தோம். மூட்டைகளின்மேல் இரண்டு தொழிலாளர் அமர்ந்திருந்தனர். வழி, கால்வாய்க் கரைமேல் ஏறி மறுபுறம் இறங்குவது. நெடுங்காலம் மாட்டு வண்டி ஓட்டிய முதியவர் ஒருவர் உடன் நடந்து வந்தார். ஊரார் அனைவரும் அவரைப் பாட்டா என்றே அழைப்பர். இறக்கத்தின் தலைப்பில் அவர் எம்மை நிறுத்தி, மேலிருந்த இருவரையும் இறங்கச் சொன்னார். நாம் சற்றே சலிப்புடன் அதற்கு உடன்பட்டோம்.

இறங்கத் தொடங்கியதும் வேகம் மிகுந்தது. பிரேக்கை அழுத்தினோம். உழவின்போது பிரித்து விடப்பட்டிருந்த இரண்டு பிரேக் பெடல்களையும் இணைக்க மறந்திருந்தமையால், வலப் பெடல் மட்டுமே எமது காலுக்கு அகப்பட்டது. டிராக்டர் வலப்புறம் திரும்பியது. மூன்றரை டன் நெல் அதனைப் பின்னிருந்து தள்ளியது. கரையோரத்துத் தென்னை ஒன்றில் முட்டி நின்றிராவிடில் அனைத்தும் கால்வாயினுள் சென்றிருக்கும். டிரெய்லர் ஒருபுறம் சாய்ந்து ஏழெட்டு மூட்டைகள் நீரில் விழுந்தன. அம்மூட்டைகள் இருந்த இடமே சற்று முன்பு அவ்விருவரும் அமர்ந்திருந்த இடம்.

பாட்டா எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "மக்கா, இழுக்கதுக்கு எஞ்சின் மதி, நிறுத்ததுக்குப் புத்தி வேணும்" என்று மட்டும் கூறினார். இக்கட்டுரையில் நாம் கூறப்போவது அனைத்தும் அவ்வொரு சொல்லின் விளக்கமேயாகும்.

மாட்டு வண்டி கற்பித்த நியாயம்

வண்டியோட்டிகள் முன்பாரம், பின்பாரம் என்று கூறுவதை நம்மில் பெரியோர் கேட்டிருப்பர். பாரம் முன்னே மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னே மிகுந்தால் ஏர்க்கால் மேலெழும்பி, மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். இரண்டும் ஆகாவென்று கருதி, சிறிதளவு மட்டும் முன்பாரமாக வைத்து ஏற்றுவர்.

இரண்டு சக்கரமுள்ள டிரெய்லருக்கும் நியாயம் இதுவே. டிராக்டரின் பின்புறக் கொக்கியே இங்கு மாட்டின் கழுத்து. முன்பாரம் அளவுக்கு மிஞ்சினால், கொக்கி கீழ்நோக்கி அழுத்தப்பட்டு, டிராக்டரின் முன் சக்கரங்கள் தரையை விட்டு இலேசாகும். அப்பொழுது ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. பின்பாரம் மிகுந்தால் கொக்கி மேல்நோக்கித் தூக்கப்படும். டிராக்டரின் பெரிய சக்கரங்களுக்குத் தரையில் பிடிப்புக் குறையும். இழுப்பதற்கும் நிறுத்துவதற்கும் அச்சக்கரங்களே ஆதாரமாதலால், பின்பாரம் முன்பாரத்தினும் கேடு பயப்பதாகும். அது மட்டுமன்று; பின்பாரமுள்ள டிரெய்லர் வேகம் மிகுந்தவுடன் பாம்பைப் போல் இடமும் வலமும் ஆடத் தொடங்கும்.

எனவே, கனத்த பொருளை அச்சின்மேலும் அதற்குச் சற்று முன்னும் அடுக்குதல் வேண்டும். கனமானவை அடியிலும் இலேசானவை மேலும் இருத்தல் நன்று. இடமும் வலமும் எடை ஒத்திருக்க வேண்டும். நான்கு சக்கர டிரெய்லரில் கொக்கியின்மேல் எடை விழுவதில்லை. எனினும் பாரத்தைப் பரப்பி ஏற்றும் விதி அதற்கும் பொருந்தும்.

வைக்கோற் பாரம் தனியே கவனிக்கத்தக்கது. அதன் எடை குறைவு; உயரமும் அகலமும் மிகுதி. மேடுபள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் உயரமான பாரம் எளிதில் கவிழும். ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பகுதியில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், வைக்கோல் ஏற்றிய டிரெய்லர் காற்றை எதிர்த்து நிற்கும் சுவர் போன்றதாகும். காற்றாலைகளைச் சுழற்றும் அக்காற்று நமது பாரத்தையும் சாய்க்க வல்லது. அக்காலத்தில் பாரத்தின் உயரத்தைக் குறைத்து இரு நடையாகக் கொண்டு செல்வதே அறிவுடைமை.

பூட்டும் முறை

முதலில், எங்கே பூட்டுவது என்பதை அறிதல் வேண்டும். டிராக்டரின் பின் அச்சுக்குக் கீழே, தயாரித்தவர் அமைத்துள்ள இழுவைக் கொக்கியில் மட்டுமே டிரெய்லரைப் பூட்டலாம். அதற்கு மேலே, அச்சின் உயரத்திலோ அதற்கும் உயரமாகவோ சங்கிலியிட்டு இழுத்தல் கூடவே கூடாது. பாரம் அசையாமல் நிற்க, சக்கரமும் வழுக்காமல் பிடித்துக்கொள்ளுமாயின், டிராக்டரின் முன்புறம் மேலெழும்பி ஓட்டுபவர்மீதே கவிழ்ந்துவிடும். ஓட்டுபவர் கிளச்சை மிதிக்கக்கூட நேரமிராது.

இவ்வகை விபத்து உலகெங்கும் உழவர் பலரின் உயிரைக் குடித்துள்ளது. அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசன் என்பார் 1920-களில் மும்முனை இணைப்பு முறையைச் செம்மைப்படுத்தியபோது, இவ்வாபத்தைக் குறைப்பதும் அவருடைய நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. இன்று நாம் காணும் டிராக்டர்களில் கலப்பையைத் தாங்கும் கைகள் அம்முறையைச் சேர்ந்தவையே. சுவீடன் நாட்டில் 1959 முதல் புதிய டிராக்டர்களில் ஓட்டுபவரைக் காக்கும் சட்டகம் கட்டாயமாக்கப்பட்டது; அதன் பின்னர் அங்குக் கவிழ்ந்து இறப்போர் தொகை பெரிதும் குறைந்தது. கலப்பைக்குரிய கைகளில் டிரெய்லரைப் பூட்டிக் கைகளை உயர்த்துவது, உயரத்தில் பூட்டுவதற்கு ஒப்பான தவறேயாகும்.

பூட்டும்போது பின்வரும் ஒழுங்கைக் கடைப்பிடிக்க வேண்டும்:

1. டிரெய்லர் சமதரையில் நிற்க வேண்டும். அதன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தல் வேண்டும்.

2. டிராக்டரை மிக மெதுவாகப் பின்னோக்கிக் கொண்டு வருக. அவ்வேளையில் டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் இடையே எவரும் நிற்கலாகாது. வழிகாட்டுபவர் பக்கவாட்டில், ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நிற்பாராக.

3. வண்டியை நிறுத்தி, கியரை விடுவித்து, கைப்பிரேக்கைப் போட்ட பின்னரே முளையைச் செருக வேண்டும். முளை உரிய பருமனுடையதாய் இருத்தல் அவசியம். கிடைத்த கம்பியை முளையாகப் பயன்படுத்துவது கடையாணியின்றி வண்டி ஓட்டுவதற்கு ஒப்பாகும். முளை மேலெழும்பாதபடி அதற்குரிய பூட்டூசியைத் தவறாது இடுக.

4. முளை உடைந்தாலும் டிரெய்லர் பிரிந்து ஓடாதிருக்கக் காப்புச் சங்கிலி பூட்டுக. திரும்பும்போது இழுபடாத அளவுக்கு அதில் தளர்ச்சி இருக்கட்டும்.

5. பின்விளக்கு, திரும்பும் விளக்கு ஆகியவற்றின் மின்கம்பியை இணைத்து, ஒருவரைப் பின்னே நிற்கச் செய்து எரிகின்றனவா என்று பார்க்க.

6. எல்லாச் சக்கரங்களிலும் காற்றையும் திருகுகளையும் சோதிக்க.

7. பிரேக் பெடல்கள் இரண்டையும் இணைக்கும் கொண்டியைப் போடுக. வயலில் குறுகத் திரும்புவதற்காகவே அவை தனித்தனியே அமைக்கப்பட்டுள்ளன. சாலையில் அவை ஒன்றாகவே இயங்க வேண்டும்.

பூட்டை அவிழ்க்கும்போதும் எச்சரிக்கை தேவை. பின்பாரமுள்ள டிரெய்லரின் முளையை உருவினால், அதன் முன்சட்டம் திடீரென மேலெழும்பி, குனிந்திருப்பவர் முகத்தில் தாக்கும். பாரத்தை இறக்கி, முட்டுக் கொடுத்த பின்னரே முளையை உருவுதல் நலம்.

நிறுத்தும் கணக்கு

வயல் வேலைக்குரிய டிராக்டர் ஒன்றின் எடை ஏறத்தாழ 2 டன் எனக் கொள்வோம். அதன் பின்னே, பாரத்துடன் 4 டன் எடையுள்ள டிரெய்லர் உள்ளது. நமது ஊர்களில் ஓடும் டிரெய்லர்கள் பலவற்றில் ஓட்டுபவர் காலால் இயக்கும் பிரேக் இல்லை. ஆகவே 2 டன் வண்டிக்கென அமைந்த பிரேக் 6 டன்னை நிறுத்த வேண்டியதாகிறது. எடை மும்மடங்கானால் நிற்கும் தூரமும் ஏறத்தாழ மும்மடங்காகும்.

மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் டிராக்டர், பிரேக் பிடித்தபின் 4 மீட்டரில் நிற்கிறது என்போம். டிரெய்லருடன் அதற்கு 12 மீட்டர் வேண்டும். ஆபத்தைக் கண்டு காலை வைப்பதற்குள் கழியும் ஒரு வினாடியில் வண்டி ஐந்தரை மீட்டர் சென்றுவிடும். ஆக, ஏறத்தாழ பதினேழரை மீட்டர். வேகம் 30 கிலோமீட்டரானால் இத்தூரம் 35 மீட்டருக்கு மேலாகிறது. வேகத்தை ஒன்றரை மடங்காக்கினோம். தூரமோ இரு மடங்கிற்கு அருகில் வந்துவிட்டது. இது நல்ல, உலர்ந்த, சமதரைச் சாலைக்குரிய தோராயக் கணக்கு. மழையிலும் இறக்கத்திலும் இன்னும் மிகும் என்று கூறத் தேவையில்லை. பள்ளிக்கூட வாயிலில் குழந்தை ஒன்று குறுக்கே ஓடி வருவதை நினைத்துப் பார்த்தால், இக்கணக்கின் பொருள் நன்கு விளங்கும்.

ஏற்றமும் இறக்கமும்

கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் மேட்டுப் பாதைகளிலும், நாஞ்சில் நாட்டின் கால்வாய்க் கரைகளிலும் இறக்கம் குறைவன்று. இறக்கத்திற்குரிய விதி ஒன்றே: இறங்கத் தொடங்குமுன் தாழ்ந்த கியரில் போடுக. எந்தக் கியரில் ஏற வேண்டுமோ அதே கியரில், அல்லது அதனினும் தாழ்ந்ததில் இறங்குக. எரிபொருளைக் குறைத்ததும், கியரில் உள்ள டீசல் இயந்திரம் தானே சக்கரங்களைப் பிடித்து வேகத்தைத் தணிக்கும். பிரேக் அதற்குத் துணையே.

டீசலை மிச்சப்படுத்த எண்ணி, நியூட்ரலில் விட்டு இறங்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. கிளச்சை மிதித்துக்கொண்டே இறங்குவோரும் உளர். இயந்திரத்தின் பிடியை அவிழ்த்துவிட்டு, 6 டன் எடையை ஒரு பிரேக்கை நம்பி உருட்டிவிடும் செயல் இது. நடு இறக்கத்தில் மீண்டும் கியரில் போட முயன்றால் பெரும்பாலும் விழுவதில்லை. சேமிக்கும் டீசலின் விலை சில ரூபாய். இழப்பதோ திரும்பப் பெற முடியாதது.

ஏற்றத்தில் கிளச்சைத் திடீரென விடலாகாது. ஏற்றத்தில் இயல்பாகவே எடை பின்னோக்கிச் சரிந்து முன் சக்கரங்கள் இலேசாகின்றன. அந்நிலையில் குலுக்கி எழுப்பினால் முன்புறம் தூக்கும். மெல்ல விடுக, ஏற இயலாவிடில் பாரத்தைப் பாதி இறக்குக.

திரும்புதலும் பின்னோக்கிச் செல்லுதலும்

காற்றாலை இறகுகளை ஏற்றிய நீண்ட வண்டிகள் நமது மாவட்டத்துச் சாலைகளில் திரும்புவதைப் பலர் கண்டிருப்பர். முன் வண்டி அகன்று சென்றாலும், பின் சக்கரங்கள் உட்புறமாகக் குறுக்கே வெட்டி வருகின்றன. நமது டிரெய்லரும் சிறிய அளவில் அவ்வாறே செய்கிறது. ஆகையால் திருப்பத்தில் சற்று அகன்று சென்று திரும்ப வேண்டும். உட்புறத்தில் மிதிவண்டியோ நடப்பவரோ உள்ளனரா என்று முன்னதாகவே பார்த்தல் வேண்டும். சிறுபாலங்களில் டிராக்டர் கடந்துவிட்டது என்ற துணிவில் திருப்பினால், டிரெய்லரின் சக்கரம் கைப்பிடிச் சுவரில் ஏறும்.

பின்னோக்கிச் செல்லுதலே முதலில் பழகுவோருக்குக் கடினமானது. டிராக்டரின் பின்புறம் இடப்பக்கம் சென்றால் டிரெய்லர் வலப்பக்கம் திரும்பும். மனம் குழம்பாதிருக்க எளிய வழி ஒன்றுண்டு. ஒரு கையை ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியில் வைத்துக்கொள்க. டிரெய்லர் எப்பக்கம் செல்ல வேண்டுமோ, அப்பக்கமாகக் கையை நகர்த்துக. சிறுகச் சிறுகவே நகர்த்த வேண்டும். டிரெய்லர் மடங்கத் தொடங்கினால் உடனே நின்று, முன்னோக்கிச் சென்று நேராக்கிக்கொண்டு மீண்டும் தொடங்குக. இதனால் அவமானம் ஏதுமில்லை. அறுவடை முடிந்து காய்ந்த வயலில் நான்கு கம்புகளை நட்டு, வெறும் டிரெய்லருடன் சில நாட்கள் பழகினால் இக்கலை கைவந்துவிடும். கால்வாய்க் கரையில் பழகுதல் வேண்டா.

டீசல் பிக்கப் வைத்திருப்போருக்கு

தோவாளைப் பூவையும் கரையோரத்து மீனையும் ஏற்றிச் செல்லும் டீசல் பிக்கப் வண்டிகள் இன்று பெருகியுள்ளன. அவற்றின் பின்னே சிறு டிரெய்லர் ஒன்றைப் பூட்டலாமா என்று சிலர் கேட்கின்றனர். வண்டியுடன் தரப்பெற்ற கையேட்டில் இழுக்கும் எடை குறிப்பிடப்பட்டிருந்தால் மட்டுமே அதுபற்றி எண்ணலாம்; இல்லையேல் கூடாது. கொக்கி, வண்டியின் அடிச்சட்டத்தில் பொருத்தப்பட வேண்டும், பம்பரில் அன்று. டிரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு கொக்கியின்மேல் விழுமாறு ஏற்றுதல் முறை. 1,000 கிலோ டிரெய்லரானால் 100 முதல் 150 கிலோ. இவ்வெடையும் பிக்கப் ஏற்கும் பாரத்தில் சேர்ந்ததே என்பதை மறக்கலாகாது. ஓடும்போது டிரெய்லர் ஆடத் தொடங்கினால், திடீர்ப் பிரேக்கும் வேண்டா, ஸ்டீயரிங்கை வெட்டுதலும் வேண்டா. நேராகப் பிடித்து, காலை மெல்ல எடுத்து வேகம் தணிய விடுக.

ஆட்களை ஏற்றலாமா?

ஏற்றலாகாது. இதில் விலக்கு எதுவும் இல்லை. 2022 அக்டோபர் 1-ஆம் நாள் உத்தரப் பிரதேசத்தில் கான்பூர் அருகே, கோயிலுக்குச் சென்று திரும்பிய மக்களை ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து, 25-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 பிப்ரவரி 24-இல் அதே மாநிலத்துக் காஸ்கஞ்ச் மாவட்டத்தில் கங்கையில் நீராடச் சென்றவர்களுக்கும் அதே கதி நேர்ந்தது. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இரண்டிலும் இறந்தோரில் குழந்தைகளும் இருந்தனர். குளமும் கால்வாயும் சாலையை ஒட்டியே செல்லும் நமது நாட்டிற்கு இச்செய்திகள் தொலைவானவை அல்ல. நடவுக்கும் அறுப்புக்கும் செல்லும் பெண்களை டிரெய்லரில் ஏற்றிச் செல்லும் பழக்கத்தை அறவே விட வேண்டும். கூலியோடு போக்குவரத்துச் செலவையும் கொடுப்பதே நேர்மையான வழி.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு வாகனமே. அதற்கும் பதிவு வேண்டும். டிராக்டர் ஓட்டும் உரிமம் பெற்றவர், டிரெய்லர் பூட்டிய காரணத்தால் மட்டும் உரிமம் அற்றவராகிவிடார் என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் தீர்ப்பளித்தது. ஆயினும் உரிமமே இல்லாத சிறுவரிடம் வண்டியை ஒப்படைப்பதற்கு எத்தீர்ப்பும் துணை நில்லாது. காப்பீடு டிராக்டருக்கு மட்டுமா, டிரெய்லருக்கும் சேர்த்தா என்பதைப் பத்திரத்தைப் பார்த்துத் தெளிந்துகொள்க.

பஞ்சாயத்துகள் செய்ய வேண்டுவன

ஓட்டுபவர் கவனம் ஒருபாதி. ஊரின் ஏற்பாடு மறுபாதி. சிறுபாலங்கள் தாங்கும் எடையை உரிய பொறியாளரிடம் கேட்டறிந்து பலகை வைக்கலாம். கால்வாய்க் கரைத் திருப்பங்களில் சிவப்பும் வெள்ளையும் பூசிய கற்களை நடுவதற்கு ஏற்பாடு செய்யலாம். ஊரிலுள்ள டிரெய்லர் ஒவ்வொன்றின் பின்புறத்திலும் இரவில் ஒளிரும் சிவப்புப் பட்டை உள்ளதா என்று அறுவடைக்கு முன் ஒரு நாள் பார்வையிடலாம். பழுதான டிரெய்லரைச் சாலையில் விட்டு, முட்டுக்கு வைத்த கல்லையும் அங்கேயே விட்டுச் செல்லும் வழக்கத்தைக் கண்டிக்க வேண்டும். இருளில் வரும் இருசக்கர வண்டிக்காரருக்கு அக்கல்லே எமன்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபைகளில், ஆட்களை டிரெய்லரில் ஏற்றுவதில்லை என்று ஊரே தீர்மானம் செய்துகொள்ளலாம். அறுவடை முடிந்த வயலில் ஒரு நாள், ஊரின் தேர்ந்த ஓட்டுநர் ஒருவரைக் கொண்டு இளைஞர்களுக்குப் பயிற்சி அளிக்கலாம். இதற்குப் பெரும் பணம் வேண்டுவதில்லை. ஒரு டிராக்டரும், ஒரு வெறும் டிரெய்லரும், நான்கு கம்புகளுமே போதும்.

விளைந்த நெல் வீடு வந்து சேர வேண்டும். அதனை ஏற்றியவரும் உடன் வந்த தொழிலாளரும் அதற்கு முன்னே வீடு சேர வேண்டும். இழுக்கும் வலிமையை இயந்திரம் தருகிறது. நிறுத்தும் அறிவை நாமே தேடிக்கொள்ள வேண்டும். வரும் அறுவடைக்கு முன் நமது ஊர்கள் ஒவ்வொன்றும் இவ்வறிவைப் பெறுமாக.